இரவல் போன கூர்க்கா கத்தி

எங்கள் வீட்டு ஹாலில், சாமி படங்களுக்கு எதிர்ச்சுவரில், கூர்க்காக்களின் வளைந்த குக்ரி கத்திகளை மாட்டி வைத்திருக்கிறேன். திருச்செங்கோட்டில் இப்படியொரு சுவர் வேறு யார் வீட்டிலும் இருப்பதாகத் தெரியவில்லை. முதன்முறை வருகிற உறவுக்காரர்கள் கத்திகளைப் பார்ப்பார்கள், அப்புறம் என்னைப் பார்ப்பார்கள், கடைசியில் என் கணவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். "ஏனுங்க, கூர்க்கா வேலைக்கு ஏதாச்சும் போறாப்லயா?" என்று என் சம்பந்தியே ஒருமுறை கேட்டிருக்கிறார்.

என் கணவருக்கு ஆழ்துளைக் கிணறு போடும் தொழில். எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பேருக்கு அதுதான் தொழில். துளை போடும் ரிக் வண்டி எந்த மாநிலத்துக்குப் போகிறதோ அங்கே கேம்ப் போட்டு மாதக்கணக்கில் இருப்பார்கள். கல்யாணமான புதிதில் நானும் கூடப் போனேன். டேராடூனுக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் குடித்தனம். ரிக் ஆட்களுக்கும் நான்தான் சமையல். கொட்டகைக்கு எதிரே பழைய இரும்புக் கடை இருந்தது. வாளி வாங்கப் போன இடத்தில், துருப்பிடித்த செயின்களுக்கும் பிரேக் டிரம்களுக்கும் நடுவில் வளைந்த கத்தி ஒன்று கிடந்தது. ஊரிலிருந்து லாரியில் வரும் தேங்காயை உடைக்க ஆகட்டும் என்று வாங்கி வந்தேன். தேங்காய் உடைத்தேன், கோழி வெட்டினேன், விறகு பிளந்தேன். ஓங்கும்போது முனைப்பக்கம் கனம் இறங்குவதும், வெட்டு விழுந்ததும் பிடி உள்ளங்கையில் ஒருமுறை அதிர்வதும் எனக்குப் பழகிப்போயின.

அது என்ன கத்தி என்று தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்து. பிள்ளைகள் படித்து வெளியூர் போய்விட்டார்கள். கேம்ப் வேலையை மேனேஜர்கள் பார்த்துக்கொண்டார்கள். மத்தியான வேளையில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, என் சமையலறைக் கத்தியைப் போலவே ஒன்றின் படம் வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் கூர்க்கா சிப்பாய்களுக்காக அரசுப் பட்டறையில் அடித்தது என்று போட்டிருந்தது. எழுந்து போய் என் கத்தியை எடுத்து, நல்லெண்ணெய் தொட்ட துணியால் மெதுவாகத் துடைத்தேன். பிடிக்குக் கொஞ்சம் மேலே, அலகில், ஒரு அகன்ற அம்புக்குறியும் அதற்குக் கீழே ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்தும் தெரிந்தன. இந்திய அரசின் சொத்து என்பதற்கான முத்திரை. அடித்தவன் அவசரத்தில் இருந்திருப்பான் போல, அம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பக்கத்தில் ஆண்டும், சோதித்தவரின் குறியும். எவனோ ஒருவன் இடுப்பில் போருக்குப் போய்வந்த இரும்பில் நான் கோழி வெட்டியிருக்கிறேன்.

அன்றிலிருந்து பைத்தியம் பிடித்தது. எங்கள் ரிக் எங்கே போனாலும் மேனேஜரிடம் சொல்லி வைப்பேன். சிலிகுரியிலிருந்தும் கௌஹாத்தியிலிருந்தும் லாரியில் கத்திகள் வந்து இறங்கின. முதலில் வந்தவை பெரும்பாலும் குப்பை. சுற்றுலாக்காரர்களுக்காகச் செய்த பளபளப்புச் சாமான்கள், பித்தளையில் சிங்கத்தலை வைத்த பிடி, உறையில் கலர்க் கற்கள். ஏமாந்து ஏமாந்துதான் கற்றுக்கொண்டேன். சிப்பாய்க்கென்று அடித்த கத்தியில் அலங்காரம் இருக்காது. முதுகு பிடிப்பக்கம் தடித்து, முனையை நோக்கி ஒரே சீராக மெலிந்து போகும். உண்மையான முத்திரையின் பள்ளத்துக்குள்ளும் அலகில் இருக்கும் அதே பழைய கருப்பு உட்கார்ந்திருக்கும். நேற்று அடித்த பொய் முத்திரை என்றால் பள்ளத்தின் அடி வெள்ளையாக மின்னும், அல்லது ஆசிட் ஊற்றிக் கருப்பாக்கிய வாடை வரும்.

இதில் ஆர்வமுள்ளவர்களுக்கு என்று ஒரு வாட்ஸ்அப் குரூப் இருந்தது. ஈரோடு, கோயம்புத்தூர், ஆத்தூர் என்று பல ஊர்க்காரர்கள். பெண் நான் ஒருத்திதான். அங்கே பழக்கமானவர்தான் அந்தச் சேலத்துக்காரர். பக்கத்து இளம்பிள்ளையில் நெய்கிற சேலைகளை மொத்த வியாபாரம் செய்கிறவர். பெரிய வீடு, கண்ணாடிப் பெட்டிகளில் விளக்குப் போட்டு வைத்த கத்திகள், வாய் நிறையப் பேச்சு. என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணா என்பேன். அவரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்து நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டிருக்கிறார்கள். என் மகள் கல்யாணத்துக்குச் சேலைகள் அவர் கடையில்தான் எடுத்தோம்.

ஒருநாள் வந்தவர், என் முதல் கத்தியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தங்கச்சி, இதை ஒரு வாரம் குடு சாமி. நம்ம கடை போட்டோக்காரரை வெச்சு நல்லாப் படம் எடுத்துட்டுத் தர்றேன். இந்த மாதிரிச் சாய்ஞ்ச முத்திரை நானே பார்த்ததில்ல."

கொடுத்தேன். அண்ணனுக்குக் கொடுப்பது போலத்தான், ஒரு துண்டில் சுற்றிக் கொடுத்தேன்.

சொன்னபடி ஒரு வாரத்தில் திரும்பி வந்தது, அதே துண்டில். பிரித்து எடுத்ததுமே தெரிந்துவிட்டது. கண்ணுக்கு முந்தி கைக்குத் தெரிந்தது. அதே வகைதான், அதே அம்புக்குறிதான், ஆண்டுகூட அதேதான். ஆனால் அது என் கத்தி இல்லை. வீசினால் கனம் முனைக்குப் போகவில்லை, நடுவிலேயே நின்றது. அம்பு நேராக, ஒழுங்காக நின்றது.

போன் செய்தேன். "அண்ணா, கத்தி மாறிப் போயிருச்சுங்க போல இருக்குது. உங்ககிட்ட இருக்கற வேற ஏதோ வந்திருக்குதுங்க" என்றேன். அப்போதுகூட அவர் மேல் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

"மாறுமா? நீ குடுத்ததைத்தான் குடுத்தேன்."

"அம்பு சாய்ஞ்சிருக்குமுங்களே. நீங்களே சொன்னீங்களே."

"நான் எப்ப சொன்னேன்?" என்றார். பிறகு குரலை இறக்கி, "தங்கச்சி, வயசாச்சுன்னா கண்ணு இப்படித்தான் ஏமாத்தும். டாக்டரைப் பாரு" என்றார்.

என்னிடம் நல்ல படம் ஒன்றுகூட இல்லை. பழைய போனில் எடுத்தவை அந்தப் போனோடு போய்விட்டன. மிச்சமிருந்தது, சமையலறையில் நான் தேங்காயோடு நிற்கும் படம் ஒன்றுதான். அதில் கத்தி கட்டைவிரல் அளவு தெரிந்தது. ஆனாலும் ஆத்திரத்தில் குரூப்பில் எழுதினேன். என் கத்தியை அவர் மாற்றிவிட்டார் என்று வெளிப்படையாக எழுதினேன்.

அவர் நிதானமாகப் பதில் போட்டார். எனக்குத் திருப்பிக் கொடுத்த கத்தியின் படங்களை, நாலு பக்கமும் பளிச்சென்று எடுத்ததை, வரிசையாகப் போட்டு, ‘தங்கச்சியின் கத்தி இதுதான், என் வீட்டுக்கு வந்த அன்றே எடுத்தது’ என்றார். யார் மறுக்க முடியும்? ஒருவர் பின் ஒருவராக அவர் பக்கம் பேசினார்கள். கடைசியாக அவர் ஒரு வரி எழுதினார்: ‘அருவாமனையைப் பத்திக் கேட்டா தங்கச்சி கரெக்டாச் சொல்லும்.’ அதற்குக் கீழே சிரித்துக் கண்ணீர் விடும் பொம்மைகள் வந்து விழுந்தன. யார் யார் போட்டார்கள் என்று ஒவ்வொரு பெயராகப் படித்து மனதில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு கத்திக்கு இத்தனையா?" என்றார் என் கணவர். "வேற ஒண்ணு வாங்கிக்கலாம் உடு புள்ள."

"கத்தி போனாப் போகுதுங்க. அருவாமனைன்னானே."

நான் அரற்றுகிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். அன்றைக்குச் சாயந்திரம் வழக்கம்போல் உப்புமா கிண்டினேன். கிண்டிக்கொண்டே அந்த ஆளை என்ன செய்வது என்று யோசித்தேன். அதற்குப் பிறகு வந்த மாதங்களில் துணி காயப்போடும்போதும் கோயிலுக்கு நடக்கும்போதும் அதே யோசனைதான். போலீசுக்குப் போனால் சிரிப்பார்கள். வீட்டு வாசலில் போய்க் கத்தினால் கத்திவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்த ஆள் எத்தனை பேரை என்னைப் பார்த்துச் சிரிக்க வைத்தானோ, அத்தனை பேர் முன்னால் அவன் நிற்க வேண்டும். அதற்குக் குறைந்த எதிலும் எனக்குத் தூக்கம் வராது என்று தோன்றியது.

வழி அசாமிலிருந்து வந்தது. எங்கள் மேனேஜர் அனுப்பிய சாமான்களில் பிடியில்லாத வெற்று அலகு ஒன்று இருந்தது. மரப்பிடி உளுத்துக் கொட்டி, கைப்பிடிக்குள் போகிற வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. அரசுப் பட்டறைக் கத்திகளுக்கும் முந்தையது. அந்தக் காலத்தில் படைப்பிரிவுகள் தாங்களே கொல்லர்களை வைத்து அடித்துக்கொண்ட வகை. முதுகில் படைப்பிரிவின் எண் ஆழமாக வெட்டியிருந்தது. அந்தப் பிரிவின் கத்தி ஒன்று வேண்டும் என்று சேலத்துக்காரர் குரூப்பில் மாதாமாதம் கேட்டுக்கொண்டிருந்தார். கிடைத்தால் என்ன வேண்டுமானாலும் தருவேன் என்றுகூட எழுதியிருந்தார்.

இந்த வகையில் வால் பிடியின் பாதிவரைதான் போகும். மேலே ஆணி எதுவும் இருக்காது. உள்ளே அரக்கை உருக்கி ஊற்றி நிறுத்தியிருப்பார்கள். பிடியை மாட்டிவிட்டால், உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாது.

அலகைப் பையில் போட்டுக்கொண்டு சேலம் கடைவீதிக்குப் போனேன். எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டித் தருகிற ஒருவர், பாத்திரக்கடை வாசலில் சின்ன மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வாலை நீட்டினேன்.

"என்னம்மா இது? குடம், சொம்புன்னா போடுவேன். கத்திக்கெல்லாம் யாரும்மா பேரு போடுறாங்க?"

"பேரு வேண்டாங்க. நான் சொல்றதை எழுதுங்க."

"சொல்லுங்க."

"திருடிய கத்தி."

அவர் மெஷினை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, யார் திருடினது?"

"இன்னும் திருடலீங்க" என்றேன்.

என்ன நினைத்தாரோ, தலையை ஆட்டிக்கொண்டு வெட்டிக் கொடுத்தார். மறுபக்கத்தில் எங்கள் புது ரிக் வண்டியின் பதிவு எண்ணை வெட்டச் சொன்னேன். போன வருடம்தான் எடுத்த வண்டி. பழைய இரும்பில் புது எழுத்து வெள்ளையாக மின்னியபோது ஒரு கணம் மனசு சங்கடப்பட்டது. அந்தக் கத்திக்கும் இந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் அந்தச் சங்கடம் பஸ் கொண்டலாம்பட்டி தாண்டுவதற்குள் போய்விட்டது. வீட்டில், உடைந்துபோன வேறொரு பழைய கத்தியிலிருந்து எடுத்து வைத்திருந்த பிடியை, அரக்கு உருக்கி நானே மாட்டினேன். நூறு வருடமாக அப்படியே இருப்பது போல உட்கார்ந்துகொண்டது. பிறகு அதைப் பிடித்து நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டேன். யாருக்கும் அனுப்பவில்லை.

அடுத்த வேலைதான் கசந்தது. மன்னிப்புக் கேட்டேன். குரூப்பில், எல்லோரும் பார்க்க, ‘அண்ணனைத் தவறாக நினைத்துவிட்டேன். கண் பரிசோதனை செய்தேன், பார்வையில்தான் கோளாறு’ என்று எழுதினேன். எழுதும்போது எனக்குப் பல் கூசியது. அவர் பெருந்தன்மையோடு பதில் போட்டார்: ‘தங்கச்சிதானே, பரவாயில்ல. குடும்பத்துல இதெல்லாம் சகஜம்.’ என் கணவர் அதைப் படித்துவிட்டு, "நீயா எழுதின?" என்று கேட்டார். ஆமாங்க என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

சேலத்துக்காரர் மறுபடியும் வரப்போக ஆரம்பித்தார். ஒருநாள் காபி கொடுத்துவிட்டு, சாதாரணமாக, அந்தப் பழைய படைப்பிரிவுக் கத்தியை எடுத்து முன்னால் வைத்தேன். எதற்கும் ஆகாத சாமான் போல, மேசை மேல் தினசரிப் பேப்பரில் வைத்தேன்.

"இது என்னன்னே தெரியலீங்கண்ணா. முதுகுல ஏதோ நம்பர் இருக்குது, என்ற கண்ணுக்குச் சரியாத் தெரியல."

அவர் காபியைக் கீழே வைத்துவிட்டார். கத்தியைக் கையில் எடுத்து முதுகைத் தடவினார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. ஆனால் கத்தியைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"சும்மா சாதாரணக் கத்திதான். பரவால்ல, நல்ல வேலைப்பாடு. ஒரு வாரம் குடு தங்கச்சி. போட்டோ எடுத்துட்டுத் தர்றேன்."

"அதுக்கென்னங்கண்ணா, எடுத்துட்டுப் போங்க" என்று துண்டில் சுற்றிக் கொடுத்தேன். கேட் வரை போய் வழியனுப்பினேன்.

ஒரு வாரத்தில் துண்டு திரும்பி வந்தது. கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். அதே வடிவம், அதே அளவு, முதுகில் எண்ணும் இருந்தது. ஆனால் எண்ணின் பள்ளத்துக்குள் வெள்ளை மின்னியது. மூக்கருகே கொண்டுபோனேன். ஆசிட் வாடை. என் வாழ்க்கையில் ஒரு பொருளைப் பறிகொடுத்து இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. தனியாக உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். பிறகு அவருக்குப் போன் செய்து, கத்தி பத்திரமாக வந்து சேர்ந்தது, ரொம்ப நன்றிங்கண்ணா என்றேன்.

என் கணவரிடம் அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும், "உன்னைய நான் பகைச்சுக்கவே கூடாது சாமி" என்றார்.

அதற்கப்புறம் காத்திருந்தேன். ஒரு தீபாவளி போயிற்று. பொங்கலும் போயிற்று. சேலத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பழைய நாணயம், தபால்தலை சேகரிக்கிறவர்கள் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்துவார்கள். அந்த முறை பழைய ஆயுதங்களுக்கும் ஒரு பகுதி என்று குரூப்பில் அறிவிப்பு வந்தது. சேலத்துக்காரர் தன் சேகரிப்பை வைக்கிறார். ஏற்காட்டில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் சிறப்பு விருந்தினர்.

நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு கணவரோடு போனேன். அவர் கடையில் எடுத்த சேலை.

மண்டபத்தில் அவர் மேசைக்கு முன்னால்தான் கூட்டம். குரூப்காரர்கள் பாதிப்பேர் அங்கேயே நின்றார்கள். நடுவில் சிவப்பு வெல்வெட்டின் மேல் என் படைப்பிரிவுக் கத்தி. போலியை நான் கொஞ்சமும் கவனிக்காமல் வாங்கிக்கொண்டதாக நினைத்ததால், ஒளித்து வைக்கவேண்டிய அவசியமே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ராணுவ அதிகாரி அதைக் கையிலெடுத்து, "ரொம்ப அபூர்வம். இந்த மாதிரி நான் ரெண்டு மூணுதான் பார்த்திருக்கேன்" என்று அரைகுறைத் தமிழில் பாராட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சேலத்துக்காரரின் மனைவி பூரிப்போடு நின்றாள். என்னைப் பார்த்ததும், "வாங்கக்கா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, இது எங்க கிடைச்சதுங்க?" என்று கேட்டேன். சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி கேட்டேன்.

அவர் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "நேபாளத்துல ஒரு சுபேதார் பேரன்கிட்ட நேரா வாங்கினது தங்கச்சி. பத்து வருஷமா என்கிட்ட இருக்கு. வெளிய எடுத்ததில்ல. இதுக்கு ஜோடியாத்தான் இன்னொண்ணு குரூப்புல தேடிட்டிருந்தேன்."

"பிடி மாத்தினதுங்களா?"

"சேச்சே. அவங்க பாட்டன் மாட்டின பிடி. இன்னி வரைக்கும் யாரும் கழட்டினதே கிடையாது."

நான் அதிகாரியின் பக்கம் திரும்பினேன். "ஐயா, அந்தப் பிடியைக் கழட்டிப் பாருங்க. உள்ள வால்ல எங்க ரிக் வண்டி நம்பர் இருக்கும். இது என்ற கத்திங்க."

சேலத்துக்காரர் முதலில் சிரித்தார். "தங்கச்சிக்குப் பழையபடி கண்ணு தெரியல போல" என்றார். யாரோ ஒருவர் சேர்ந்து சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை. அதிகாரி கத்தியை மறுபடி பார்த்தார். "நூறு வருஷத்துக் கத்தி. பிடியைக் கழட்டறது பாவம் அம்மா" என்றார்.

"உள்ள நம்பர் இல்லைன்னா என்ற வீட்டுச் சுவத்துல இருக்கற அத்தனை கத்தியும் இவருக்கே. எழுதி வேணுமின்னாலும் தர்றேனுங்க."

சேலத்துக்காரரின் முகம் அப்போதுதான் மாறியது. "அதெல்லாம் முடியாது. என் பொருள், யாரும் தொடக் கூடாது" என்று கத்தியைப் பிடுங்கப் போனார். அதிகாரி கத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். அந்த அவசரத்தைப் பார்த்துத்தான் அதிகாரிக்கும் சந்தேகம் வந்திருக்க வேண்டும். "வெந்நீர் கிடைக்குமா?" என்று கேட்டார்.

மண்டபத்தின் சமையல்கட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு அண்டாவில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சொம்பில் எடுத்து வந்தார்கள். அலகைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பிடியை வெந்நீரில் முக்கினார் அதிகாரி. கொஞ்ச நேரத்தில் அரக்கு இளகி, கருப்பாகத் தண்ணீரில் இறங்கியது. பிடியை லேசாகத் திருகினார். கழன்று வந்தது.

அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. வாலைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற சேலத்துக்காரரின் மனைவியிடம் நீட்டி, "என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். அவள் கண்ணாடியை இறக்கி விட்டுக்கொண்டு, பாத்திரத்தில் பெயர் படிப்பது போல உரக்க, "திருடிய கத்தி" என்று படித்தாள். படித்த பிறகுதான் அவளுக்கு அர்த்தம் உறைத்தது. திருப்பி மறுபக்கத்தைப் பார்த்தாள். வண்டி எண்ணைப் படிக்கவில்லை. புருஷனைப் பார்த்தாள்.

"இவளே எழுதி எனக்கு வித்துட்டா" என்றார் அவர். குரல் கிறீச்சிட்டது.

"இப்பத்தான பத்து வருஷமா உங்ககிட்ட இருக்குதுன்னீங்க" என்றது என் கணவரின் குரல். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து முன்னே வந்தார். அதுவரை வெளியார் முன்னால் இந்த விஷயத்தில் ஒரு வார்த்தை பேசாதவர். "அந்த வண்டியை நாங்க எடுத்தே ரெண்டு வருஷம் ஆகலீங்க."

நான் போனை எடுத்து, பிடி மாட்டியதும் எடுத்த படங்களைத் தேதியோடு அதிகாரியிடம் காட்டினேன். அவர் கத்தியையும் பிடியையும் என் கையில் கொடுத்தார். சேலத்துக்காரர் மேசைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அருவாமனை என்று சிரித்தவர்களெல்லாம் இப்போது அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அவசரமே இல்லாமல் பார்த்தேன். வயிறு நிறையச் சாப்பிட்டது போல இருந்தது. அவர் மனைவியின் முகத்தை மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

நாலைந்து நாள் கழித்து அவள் காரில் திருச்செங்கோட்டுக்கு வந்தாள், தனியாக. டிரைவர் இரண்டு சாக்குப்பைகளை ஹாலில் இறக்கிவிட்டுப் போனார். அவள் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு கத்தியாக எடுத்து வைத்தாள்.

"எது உங்களுதோ எனக்குத் தெரியலக்கா. நீங்களே எடுத்துக்கங்க."

என் முதல் கத்தியை எடுத்தேன். எடுத்ததும் கை சொல்லிவிட்டது. ஆனால் கண்ணால் பார்த்தபோது அது பாத்திரக்கடை ஸ்பூன் போல மின்னியது. மெஷினில் கொடுத்து பாலிஷ் போட்டிருக்கிறான். நூறு வருடக் கருப்பு மொத்தமும் போய்விட்டது. சாய்ந்த அம்பு தேய்ந்து, விரலால் தடவினால் மட்டும் தெரிகிற கீறலாக மிஞ்சியிருந்தது. அடையாளம் தெரியக்கூடாது என்றுதான் செய்திருக்கிறான். கத்தி கிடைத்ததும் இத்தோடு விட்டுவிடலாம் என்றுதான் அன்று காலை வரை நினைத்திருந்தேன். அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

"மத்ததெல்லாமுமே வேற யார் யாருதோதான்னு சொன்னாருக்கா" என்றாள் அவள். "நீங்களே சத்தமில்லாம அவங்கவங்களுக்குக் குடுத்துடுங்க. வெளிய தெரிய வேண்டாம். அவரு சரியாச் சாப்பிடறதே இல்ல. கடைக்கும் போறதில்ல."

"பாக்கலாங்க" என்றேன். காபி கொடுத்தேன். அவள் குடித்துவிட்டு, என் கையை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனாள்.

கார் தெரு திரும்பியதும், சாக்கிலிருந்த கத்திகளைத் தரையில் பரப்பிப் படமெடுத்தேன். குரூப்பில் போட்டேன். ‘சேலத்து அண்ணன் வீட்டிலிருந்து வந்தவை. போட்டோ எடுக்க இரவல் கொடுத்தவர்கள், அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்’ என்று எழுதினேன்.

"அந்தப் பொண்ணு அத்தனை தூரம் கேட்டுட்டுப் போச்சே" என்றார் என் கணவர்.

"நான் சரின்னு சொல்லலீங்களே."

"போதும் புள்ள."

"போதாதுங்க" என்றேன்.

ஆட்கள் வந்தார்கள். ஈரோட்டிலிருந்து ஒருவர், தன் அப்பாவுடைய கத்தி என்று அழுதுகொண்டே வாங்கிப் போனார். அவருக்கு மாற்றிக் கொடுத்த போலியைப் பத்திரமாகப் பூஜை அறையில் வைத்திருந்தாராம். ஆத்தூர்க்காரர் ஒருவர், சிரிக்கிற பொம்மை போட்டவர்களில் முதல் ஆள், வந்து ரொம்ப நேரம் சோபாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வேலை இருப்பது போல நான் சமையலறையிலேயே இருந்தேன். வெளியே வந்து கத்தியைக் கொடுத்தபோது, "மன்னிச்சுக்கங்கம்மா" என்றார். "எதுக்குங்க?" என்று கேட்டேன். வாய்விட்டுச் சொல்ல வைத்துத்தான் அனுப்பினேன்.

சேலத்துக்காரரைக் குரூப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவர் கண்ணாடிப் பெட்டிகளைக் கழற்றிவிட்டு அந்தச் சுவரில் சேலை மாட்டுகிற ஸ்டாண்டு வைத்திருக்கிறார் என்று சொன்னார்கள். அவர் மனைவியிடமிருந்து எனக்குப் போன் வரவில்லை. நானும் செய்யவில்லை. ஒன்றிரண்டு முறை அவள் எண்ணை எடுத்துப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

போன வைகாசியில் ராசிபுரத்தில் ஒரு கல்யாணம். எங்களுக்கும் வேண்டியவர்கள், அவருக்கும் வேண்டியவர்கள். பந்தியில் உட்காரப் போனபோது எதிர்வரிசையில் அவரைப் பார்த்தேன். மெலிந்திருந்தார். என் கணவர் வேறு பக்கம் போகலாம் என்று கையைக் காட்டினார். நான் அவருக்கு நேர் எதிரே இருந்த இலையில் போய் உட்கார்ந்தேன்.

"நல்லா இருக்கீங்களாங்கண்ணா?" என்றேன், பரிமாறுகிறவர்களும் திரும்பிப் பார்க்கும்படி.

அவர் தலையை நிமிர்த்தவில்லை. சாம்பார் ஊற்றியதும் சோற்றைப் பிசைந்து இரண்டு வாய் வைத்தார். பிறகு இலையை மடக்கிவிட்டு எழுந்து கை கழுவப் போய்விட்டார். பக்கத்து இலைக்காரர், "ஏனுங்க, அவருக்கு உடம்புக்கு ஏதாச்சுமா?" என்று என்னிடம் கேட்டார். தெரியலீங்க என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டேன். மோர் வரை பொறுமையாகச் சாப்பிட்டேன். பாயசம் நன்றாக இருந்தது. இரண்டாவது முறையும் வாங்கிக் குடித்தேன்.